இணைச்சொல் பட்டியல் ஏன் மனதில் நிற்பதில்லை? நுழைவுத் தேர்வு எழுதும் ஒரு குழந்தையின் தாய்மாமனுக்குப் பதில்

கேள்வி இது: “என் அக்கா மகள் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறாள், மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கிறோம். கடையில் வாங்கிய வழிகாட்டியில் பண்பைக் குறிக்கும் சொற்களும் அவற்றின் இணைச்சொற்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இரவு ஒப்பிக்கிறாள், காலையில் பாதி போய்விடுகிறது. மாதிரித் தேர்வில் இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுகின்றன என்று அழுகிறாள். எப்படிப் பயிற்சி கொடுப்பது?”

தம்பி, இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுவது குழந்தையின் மந்தம் அல்ல. பட்டியலை ஒழுங்காகப் படித்ததால் வந்த வினை. ‘அழகிய’ என்றால் ‘எழில்மிகு’, ‘வனப்பான’, ‘கவின்மிகு’ என்று சமக்குறி போட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். கணக்குப் பாடத்தில் சமக்குறி போட்டால் இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். அந்த நம்பிக்கையோடுதான் அவள் தேர்வறையில் உட்காருகிறாள். அங்கே கேட்பவன் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, ‘இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்’ என்கிறான். பட்டியலில் இடம் என்பதே கிடையாது. சொல்லை எதனோடு சேர்த்துச் சொல்வோம் என்பது தெரிந்த குழந்தைக்கு இணைச்சொல் தானாக வரும். அது தெரியாத குழந்தை எத்தனை சொற்களை உருப்போட்டாலும் நாலு விடைகளுக்கு நடுவே திணறும்.

முதலில் எவ்வளவு மதிப்பெண்ணுக்கு இந்தப் பாடு என்று பார்த்துவிடுவோம். சைனிக் பள்ளி ஆறாம் வகுப்புத் தேர்வு மொத்தம் 300 மதிப்பெண். அதில் கணக்கு மட்டும் 150. மொழிப் பகுதி 25 கேள்விகள், கேள்விக்கு 2 வீதம் 50. நவோதயாவில் மொழிக்கு 20 கேள்விகள், 100-க்கு 25 மதிப்பெண். நான்கு பத்திகள் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கேள்விகள் கேட்பார்கள். சொற்பொருள் கேள்வி அந்தப் பத்திக்குள்ளிருந்துதான் வரும். இரண்டிலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே நாள் முழுக்க இணைச்சொல் படிக்க வைக்காதீர்கள். கணக்கு பாவம், அதற்கும் நேரம் வேண்டும். மாலையில் கால் மணி நேரம் இதற்குப் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரம் தினமும் நடக்க வேண்டும்.

இடையில் ஒன்று. உங்கள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டம் சைனிக் பள்ளியைவிட, தமிழ்நாட்டில் உடுமலைக்கு அருகிலுள்ள அமராவதி நகர் சைனிக் பள்ளிதான் பக்கம். ஆனால் உள்மாநில ஒதுக்கீடு இருப்பிடச் சான்றைப் பொறுத்தது. சான்று கேரளத்தில் என்றால் அமராவதி நகரில் அவள் வெளிமாநிலப் பிள்ளை. பள்ளி விருப்பம் குறிக்கும்போது அக்காவிடமும் மச்சானிடமும் இதைப் பேசிவிடுங்கள். நவோதயாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே கிடையாது, எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. உங்களுக்கு மலம்புழாவில் இருக்கிறது. எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சில அனுகூலங்களில் இது ஒன்று.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். இன்று மாலையே சமையலறையில் ஒரு பயிற்சியைத் தொடங்கலாம். ஈரம் இல்லாததைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: உலர்ந்த, காய்ந்த, வறண்ட, வாடிய, வதங்கிய. வழிகாட்டி நூல் இவற்றை ஒரே வரியில் போட்டிருக்கும். அவளைக் கேளுங்கள்: கிணறு எப்படி இருக்கிறது? வறண்ட கிணறு. உலர்ந்த கிணறு என்று யாராவது சொல்வார்களா? சிரிப்பாள். கொடியில் போட்ட துணி? உலர்ந்தது என்போம், காய்ந்தது என்றும் சொல்வோம், வறண்டது என்று சொல்லவே மாட்டோம். மல்லிகைப் பூ வாடும். நேற்று வாங்கிய கீரை வாடும், வதங்கும். வாணலியில் போட்ட வெங்காயம் வதங்கும், வாடாது. முகம் வாடும், ஆனால் வதங்காது. தொண்டை வறளும். பேச்சுவழக்கில் வயிறும் காயும், பசி என்று பொருள். இத்தனைக்கும் பிறகு அடுப்பில் எண்ணெய் இருக்கிறது பாருங்கள். ‘எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போடு’ என்று அவளுடைய அம்மா தினமும் சொல்கிறார். காய்ந்த எண்ணெயில் ஈரம் போன கதையே இல்லை, அங்கே காய்வது சூடேறுவது. ‘காய்ந்த’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று கண்ட குழந்தை, தேர்வில் ‘காய்ந்த’ என்று அடிக்கோடிட்டிருந்தால் உடனே ‘உலர்ந்த’ என்று பாயாது. முன்னும் பின்னும் பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் நாம் பழக்குகிறோம்.

அந்தக் காலத்தில் நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். செய்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை மடமடவென்று ஒப்பிப்பான். ஆனால் நிகண்டு செய்யுள். எதுகையும் மோனையும் ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த சொல்லை இழுத்துவரும். ஓசை முட்டினால் சொல் விட்டுப்போனது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். உங்கள் வழிகாட்டியில் இருப்பது ஓசையும் இல்லாத, வாக்கியமும் இல்லாத இரண்டு பத்தி அச்சு. நிகண்டின் பலன் அதில் எப்படிக் கிடைக்கும்? இரவில் ஏறிக் காலையில் இறங்குவது இயல்புதான்.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். வழக்கமாக இணைச்சொல் நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் இருக்கும். இதில் பெயர்ச்சொல்லைத் தலைப்பாக எழுத வேண்டும். காற்று, வெயில், நிலம், முகம், குரல், நடை, மனம், உணவு, தண்ணீர், பாதை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அந்தப் பெயருக்கு முன்னால் என்னென்ன அடைமொழி பொருந்தும் என்று நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். குரல் என்ற பக்கத்தில் இனிய, கரகரத்த, கணீரென்ற, மெல்லிய, நடுங்கும், அதட்டும், தழுதழுத்த என்று வரும். நடை என்ற பக்கத்தில் மிடுக்கான, தளர்ந்த, விரைந்த, நிதானமான, துள்ளும். ‘தளர்ந்த’ என்பது நடைக்கும் வரும், உடலுக்கும் வரும், முடிச்சுக்கும் வரும் என்று அவளே கண்டுபிடித்து இன்னொரு பக்கத்திலும் எழுதுவாள். அப்படி ஒரு சொல் மூன்று பக்கங்களில் இடம்பிடித்துவிட்டால் அதை ஒப்பிக்க வேண்டிய தேவையே இல்லை.

காற்று என்ற பக்கம் உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வரப்பிரசாதம். மேற்குத்தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து வரும் காற்று அதன் வழியாகப் பாயும்போது, தென்னை மட்டை விழுவதும், உதடு வெடிப்பதும், கதவு தானாக அடித்துக்கொள்வதும் அவளுக்குப் பழக்கம். அந்தக் காற்றை ‘மென்மையான’ என்று எழுதினால் பொய் என்று அவளுக்கே தெரியும். வறண்ட காற்று, கடுங்காற்று, சீறும் காற்று, ஓயாத காற்று என்று எழுதட்டும். வைகாசி கடைசியில் மழைக்கு முன் வரும் காற்றுக்கு வேறு சொற்கள் வேண்டும்: ஈரமான, குளிர்ந்த, இதமான. ஒரே பெயர், இரண்டு காலம், இரண்டு கட்டுச் சொற்கள். ‘இதமான’ என்பதற்கு ‘குளிர்ந்த’ எப்போதும் இணையாகாது என்பதை மார்கழிக் காற்று அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். குளிர் காலத்தில் இதமானது வெயில்தான்.

அடுத்து அளவு. பண்புச் சொற்களில் பல ஒரே படிக்கட்டில் வெவ்வேறு படிகளில் நிற்பவை. சூட்டை எடுத்துக்கொண்டால், வெதுவெதுப்பான, சூடான, கொதிக்கும் என்று மேலே ஏறும். வெதுவெதுப்பு தண்ணீருக்கு. கதகதப்பு கம்பளிக்கும் பாட்டியின் மடிக்கும். தகிப்பது வெயில். சிறுமையில் சிறிய, சின்னஞ்சிறிய, நுண்ணிய. பெருமையில் பெரிய, மாபெரும், பிரம்மாண்டமான. தேர்வில் ‘நுண்ணிய’ என்ற சொல்லுக்குச் ‘சிறிய’, ‘மிகச் சிறிய’ என்று இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அப்போது படி தெரிந்த குழந்தை தப்பிக்கும். சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சண்டை வரும். ‘மாபெரும்’ மேலா, ‘பிரம்மாண்டமான’ மேலா என்று நீங்களும் அவளும் வாதாட வேண்டியிருக்கும். வாதாடுங்கள். அந்த வாதத்தில் முடிவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு சொற்களும் போகாது.

அளவைவிடச் சிக்கலானது சொல்லில் ஒளிந்திருக்கும் பாராட்டும் பழிப்பும். பெரும்பாலான வழிகாட்டிகள் கோட்டைவிடுவது இங்கேதான். சிக்கனமானவர் என்றாலும் கஞ்சத்தனமானவர் என்றாலும் பணத்தை அளந்து செலவழிப்பவர்தான். ஆனால் உங்கள் மச்சானைப் பற்றி இரண்டாவது சொல்லை அக்கா காதுபடச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். உறுதியானவர், பிடிவாதக்காரர். துணிச்சலான பையன், முரட்டுப் பையன். ஒல்லியான பெண், நோஞ்சான் பெண். முதிய மரம் என்றால் மரியாதை, கிழட்டு மரம் என்றால் வெட்டலாம் என்ற எண்ணம். பத்தியில் எழுதியவர் அந்த ஆளை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விரும்பி எழுதியிருந்தால் பழிக்கும் சொல் விடையாக இருக்க முடியாது. நாலில் ஒன்றோ இரண்டோ அப்போதே விழுந்துவிடும்.

ஒரு சொல் பல பொருளில் வருவதற்கு ‘எளிய’ என்பதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எளிய கணக்கு என்றால் சுலபமானது. எளிய வாழ்க்கை என்றால் ஆடம்பரம் இல்லாதது. எளிய மக்கள் என்றால் வறியவர்கள். ‘சுலபமான’, ‘ஆடம்பரமற்ற’, ‘வறிய’ மூன்றையும் ஒரே கேள்வியில் விடையாக வைத்தால் மூன்றும் சரி, வாக்கியம் ஒன்றைத்தான் ஏற்கும். ‘நல்ல’ என்பதையும் விளையாட்டாகக் கேட்கலாம். நல்ல பையன், நல்ல மழை, நல்ல பசி, நல்ல பாம்பு. நல்ல பாம்பு எந்த வகையில் நல்லது என்று கேட்டால் குழந்தைகள் விடமாட்டார்கள். ‘பச்சை’ இன்னும் வேடிக்கை: பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய். மூன்றில் ஒன்றுகூடப் பச்சை நிறம் இல்லை.

இப்போது எல்லைக்கென்றே உரிய சிக்கல். தமிழ்நாட்டு வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. உங்கள் மருமகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள். பஸ்ஸிலும் கடையிலும் மலையாளம் கேட்கிறாள், பலகைகளில் இரண்டு எழுத்தையும் பார்க்கிறாள். இரண்டு மொழிக்கும் பொதுவான ஒலியில் வெவ்வேறு பொருள் உள்ள சொற்கள் அவள் தலையில் ஒரே பானையில் கிடக்கின்றன. ‘வலிய’ என்று கண்டால் அவள் மனம் ‘பெரிய’ என்று சொல்லும், மலையாளத்தில் அதுதான் பொருள். தமிழில் ‘வலிய’ என்றால் வலிமையுள்ள. ‘வெடிப்பு’ மலையாளத்தில் தூய்மை, துப்புரவு. தமிழில் சுவரில் விழும் விரிசல். வெடிப்பான அறை என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதியதைக் கண்டிருக்கிறேன். எழுதியவன் வீட்டைப் பாராட்டினான், படித்தவர் கொத்தனாரைத் தேடினார். ‘மிடுக்கன்’ அங்கே கெட்டிக்காரப் பையன். தமிழில் மிடுக்கு என்றால் பெருமிதத் தோற்றம், சில இடங்களில் செருக்கும்கூட. ‘விஷமம்’ அங்கே வருத்தம், இங்கே குறும்பு. ‘கடுப்பத்தில் ஒரு சாயா’ என்று சொல்லி நல்ல அழுத்தமான தேநீர் வாங்கிக் குடிக்கும் ஊரில், தமிழில் கடுப்பு என்றால் எரிச்சல் என்பது ஒரு கணம் மறந்துபோகலாம். சிறியதைக் குறிக்கும் மலையாளச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘செறிய’ என்றுதான் வரும். தமிழில் ‘செறிந்த’ என்றால் அடர்ந்த. சிறியதற்கும் அடர்த்திக்கும் என்ன உறவு?

இதற்கு மலையாளத்தைத் தள்ளிவைப்பது மருந்தல்ல. நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து, இப்படி மயக்கும் சொற்களுக்கென்றே விட்டுவிடுங்கள். இடப்பக்கம் மலையாள வாக்கியம், வலப்பக்கம் தமிழ் வாக்கியம், இரண்டையும் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். மயங்கும் சொல் இரண்டிலும் இருக்க வேண்டும். இதை அவளே வேட்டையாடிச் சேர்க்க வேண்டும். மாமன் எழுதிக்கொடுத்தால் அதுவும் இன்னொரு பட்டியலாகிவிடும்.

அதே மலையாளம் வேறொரு இடத்தில் அவளுக்குப் பெரிய துணை. பேச்சுத் தமிழில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன, பல ஊர்களில் ழகரமும் ளகரமாகிவிட்டது. சென்னைப் பிள்ளைக்கும் கோவைப் பிள்ளைக்கும் ‘கூரிய’, ‘கூறிய’ இரண்டும் காதில் ஒன்றுதான். மலையாளம் பேசுபவர்கள் இந்த எழுத்துகளைப் பேச்சிலேயே பிரித்து ஒலிக்கிறார்கள். பாலக்காட்டுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு காதிலேயே இருக்கிறது, எழுத்தில் கொண்டுவந்தால் போதும். கூரிய கத்தி, அவர் கூறிய சொல். சீரிய கருத்து, சீறிய பாம்பு. அரிய நூல், அறிய முடியாத செய்தி. விளைந்த நெல், அவன் விழைந்த பொருள். கொழுத்த ஆடு, கொளுத்தும் வெயில். இந்த இணைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், மலையாள டீச்சர் ஒலிக்கும் அதே திருத்தத்தோடு. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இந்த எழுத்து மயக்கம் மிகவும் பிடித்த தூண்டில். உங்கள் பிள்ளை அதில் மாட்டக் கூடாது.

தூண்டில் எப்படிப் போடப்படுகிறது என்று ஒரு மாதிரியில் பார்ப்போம். நானே எழுதிய பத்தி இது: “மழை நின்று மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. ஆற்றில் மெலிந்த நீரோட்டம் மட்டுமே இருந்தது. முதியவர் தம் கூரிய பார்வையால் கரையோரத்துத் தடங்களைக் கவனித்தார். எங்கே தோண்டினால் ஊற்று வரும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.” முதல் கேள்வி: ‘மெலிந்த’ என்பதன் பொருள் நோயுற்ற, குறைந்த, வலுவான, இனிமையான. இரண்டாவது: ‘கூரிய’ என்பதன் பொருள் சொன்ன, முனையுள்ள, நுட்பமான, மங்கிய.

அவள் என்ன செய்வாள் என்று கவனியுங்கள். ‘மெலிந்த’ என்றதும் நோஞ்சான் குழந்தை நினைவுக்கு வந்து ‘நோயுற்ற’ என்பதைத் தொடுவாள். அதை வாக்கியத்தில் வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: ஆற்றில் நோயுற்ற நீரோட்டம் மட்டுமே இருந்தது. காதே தள்ளிவிடும். ‘வலுவான’ என்பது எதிர்ப்பொருள். அவசரத்தில் பிள்ளைகள் அதிகம் விழுவது இந்தக் குழியில்தான், ஏனென்றால் எதிர்ச்சொல் இணைகள் சின்ன வகுப்பிலிருந்தே மனதில் பதிந்திருக்கின்றன. ‘இனிமையான’ என்பது இடத்தை நிரப்ப வைத்தது. மிஞ்சுவது ‘குறைந்த’. இரண்டாவதில் ‘சொன்ன’ என்பது றகரத்துக்குப் போட்ட தூண்டில், ‘மங்கிய’ எதிர்ப்பொருள். ‘முனையுள்ள’ என்பதுதான் உண்மையிலேயே வலிமையான போட்டி, கத்திக்கு அது சரி. பார்வைக்கு முனை கிடையாது. அடுத்த வாக்கியத்தில் முதியவர் ஊற்று இருக்கும் இடத்தை உடனே கண்டுகொள்கிறார், அதனால் ‘நுட்பமான’. விடைக்கான சாட்சி பெரும்பாலும் அதே வாக்கியத்திலோ அடுத்ததிலோ இருக்கும்.

இப்படிப் பிரித்துக் காட்டிய பிறகு பொறுப்பை மாற்றுங்கள். அவளே பத்தி எழுதட்டும், அவளே நாலு விடை வைக்கட்டும், நீங்கள் தேர்வு எழுதுங்கள். ஒன்று சரி, ஒன்று எதிர்ப்பொருள், ஒன்று அதே சொல்லின் வேறு பொருள், ஒன்று எழுத்து மயக்கம் என்று வைக்கச் சொல்லுங்கள். மாமனை ஏமாற்ற வேண்டும் என்ற ஆசையில் குழந்தை போடும் உழைப்புக்கு எந்த டியூஷனும் ஈடாகாது. தூண்டில் கட்டத் தெரிந்த பிள்ளை தூண்டிலில் சிக்குவது குறைவு.

நூல்கள் பற்றி. வழிகாட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், சொல் தேடும் கிடங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அதிலிருந்து நாலைந்து சொற்கள் எடுத்து, பெயர்ச்சொல் பக்கங்களில் சேர்த்தால் போதும். கேரளத் தமிழ்வழிப் பாடநூலைத் தவிர, தமிழ்நாட்டு நான்காம், ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். பாடத்தின் பின்னால் உள்ள சொற்பொருளை மட்டும் பார்க்காமல், அந்தச் சொல் பாடத்தில் எந்த வரியில் வருகிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அகராதி வாங்குவதாக இருந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பெரும்பாலும் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுத்திருப்பார்கள், நமக்கு வேண்டியது அதுதான். விலை கொஞ்சம் கூட. பள்ளி நூலகத்தில் இருந்தால் வாரம் ஒரு நாள் போய்ப் பார்த்து எழுதிவரலாம். கைப்பேசியில் கிடைக்கும் மொழிபெயர்ப்புக் கருவிகளை இதற்கு நம்பாதீர்கள். அவை கொடுப்பதும் சமக்குறிப் பொருள்தான்.

வாசிப்பும் வேண்டும், ஆனால் சிறுவர் கதைகளை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். கதைகளில் ‘அழகான’, ‘பெரிய’, ‘நல்ல’ என்ற மூன்று சொற்களே சுற்றிச் சுற்றி வரும். நாளிதழில் வானிலைச் செய்தி, வேளாண்மைப் பக்கம், விளையாட்டுச் செய்தி மூன்றையும் படிக்கச் சொல்லுங்கள். பரவலான மழை, மிதமான மழை, கனமழை. வளமான மண், களிமண் கலந்த மண், உவர் மண். அபார வெற்றி, நூலிழை வெற்றி, ஆறுதல் வெற்றி. ஒவ்வொன்றும் அளவும் மதிப்பும் சேர்ந்த சொற்கள். நவோதயாப் பத்திகள் கதையாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், தகவல் பத்திகளும் வரும்.

சந்தையையும் விட்டுவிடாதீர்கள். வேலந்தாவளம் சந்தைக்குப் போகிறீர்கள் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெண்டைக்காய் பிஞ்சா முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்ப்பது, தக்காளி கனிந்ததா அழுகலா என்று அழுத்திப் பார்ப்பது, தேங்காய் இளசா முற்றியதா என்று ஆட்டிப் பார்ப்பது, இதெல்லாம் அடைமொழியைக் கையால் தொடுவது. பெண்பிள்ளை சந்தைக்கு எதற்கு என்று பாட்டி சொல்லக்கூடும். சைனிக் பள்ளிக்கு அனுப்பத் துணிந்த வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது என்று நினைக்கிறேன்.

கடைசி மாதத்தில் புதுச் சொல் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதட்டும். நவோதயாவில் மொழிப் பகுதிக்கு 30 நிமிடம் என்று கணக்கு, நான்கு பத்தி என்றால் பத்திக்கு ஏழு நிமிடம் சொச்சம். பத்தியை ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கேள்விக்குப் போக வேண்டும். கேள்வியில் ‘பொருள்’ என்றிருக்கிறதா ‘எதிர்ச்சொல்’ என்றிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அடிக்கோடிட்ட சொல்லை எடுத்துவிட்டு ஒவ்வொரு விடையையும் அந்த இடத்தில் வைத்து மனதுக்குள் படிக்க வேண்டும். இரண்டு விடைகள் பொருந்தினால், எதிர்ச்சொல்லை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு எதிரானது எது, அதற்கு எதிரானது இந்த இரண்டில் எது? அப்போதும் தீராவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு நகர வேண்டும். தவறுக்குக் கழிப்பு இல்லாத தேர்வில் வட்டத்தைக் காலியாக விடுவது மதிப்பெண்ணைச் சாலையில் போட்டுவிட்டு வருவதுதான்.

சித்தூர் என்றதும் ஆந்திரச் சித்தூரிலிருந்து யாராவது இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கும் இதே முறைதான், மயக்கும் சொற்கள் மட்டும் மாறும். தொடங்குவதற்கு ஒரு சொல் தருகிறேன். ‘அவசரம்’ தமிழில் உடனே செய்ய வேண்டிய பரபரப்பு, தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. ‘அவசரமான வேலை’ என்று பத்தியில் வந்தால் தெலுங்கு தெரிந்த பிள்ளை ‘தேவையான’ என்பதையும், நம் பக்கத்துப் பிள்ளை ஒன்றும் புரியாமல் நாலையும் பார்க்கும். நோட்டின் கடைசிப் பகுதியில் இந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம்.